மணலும் பலகையும் கைக்கணினியும்

தமிழ்நாட்டுத் தொடக்கப் பள்ளிகளில் கைக்கணினியும் திறன் பலகையும் இடம்பெற்ற பிறகு, வகுப்பறைக்குள் கருவி என்ற ஒன்று முதன்முறையாக நுழைந்துவிட்டதுபோலப் பேசும் வழக்கம் பரவியிருக்கிறது. ஆனால் எழுதக் கற்கும் குழந்தையின் விரலுக்கும் அது எழுதும் பரப்புக்கும் உள்ள உறவுக்குத் தென்னிந்தியாவில் குறைந்தது நானூறு ஆண்டுக்கால எழுத்துச் சான்று உண்டு. மணல், பனையோலை, கற்பலகை, தாள், அட்டை, திரை என்று அந்தப் பரப்பு மாறிவந்தபோதெல்லாம், கருவி யார் கையில் இருக்கிறது, கற்கும் வேகத்தை யார் வகுக்கிறார் என்ற இரண்டும் சேர்ந்தே மாறின. கருவியின் பெயரைவிட இவ்விரண்டையும் தொடர்ந்து கவனிப்பதே வகுப்பறையின் வரலாற்றைச் சரியாக விளக்கும்.

1623ஆம் ஆண்டு கன்னட நாட்டின் வழியே சென்ற இத்தாலியப் பயணி பியெத்ரோ தெல்லா வாலே, சிறுவர்கள் தரையில் மெல்லிய மணலைப் பரப்பி, கணக்குப் பாடத்தை ஒருமித்த குரலில் ராகத்துடன் சொல்லிக்கொண்டே விரலால் எழுதியதைக் கண்டு பதிவுசெய்தார். தமிழ்நாட்டில் இதே முறைக்குக் களமாக இருந்தது திண்ணைப் பள்ளிக்கூடம். அதாவது, ஆசிரியர் தம் வீட்டுத் திண்ணையிலோ ஊர்ப் பொதுவிடத்திலோ, பெற்றோர் தரும் தானியத்தையும் பணத்தையும் கொண்டு நடத்திய ஒற்றை ஆசிரியர் பள்ளி. அங்கே சேரும் பிள்ளை முதலில் மணலில் எழுதும். கை பழகிய பின்னரே ஓலையும் எழுத்தாணியும் கிடைக்கும். ஓலையில் எழுத்தாணியால் கீறிய எழுத்து கண்ணுக்குப் புலப்பட வேண்டுமானால் விளக்குக்கரியும் இலைச்சாறும் கலந்து தடவ வேண்டும். ஒருமுறை கீறியதை அழிக்கவும் முடியாது. ஆகவே தவறு செய்து பழகுவதற்கு மணலும், தேர்ந்ததைப் பதிந்து வைப்பதற்கு ஓலையும் என்று இரு பரப்புகளுக்கும் தனித்தனி வேலை இருந்தது. விசயதசமி நாளில் குழந்தையின் விரலைப் பிடித்து நெல்லிலோ அரிசியிலோ முதலெழுத்தை எழுதவைக்கும் வழக்கம் இன்றும் தொடர்வதால், அந்த முதற்கட்டத்தின் தடம் முற்றிலும் மறைந்துவிடவில்லை.

மணலையும் ஓலையையும் விட முக்கியமான மூன்றாவது பரப்பு நினைவு. எண்களையும் பின்னங்களையும் கற்பிக்கும் பொன்னிலக்கம், தானிய முகத்தலளவைகளைக் கற்பிக்கும் நெல்லிலக்கம், பெருக்கல் வாய்பாடுகளைத் தொகுத்த எண்சுவடி ஆகியவற்றைப் பிள்ளைகள் உரக்கச் சொல்லி மனத்தில் ஏற்றிக்கொண்டனர். 320இல் ஒரு பங்காகிய முந்திரி வரையிலான பின்னங்களை வாய்க்கணக்காகவே கையாளும் திறன் இவ்வழியில்தான் கைவந்தது. இந்தப் பயிற்சியை வெறும் நெட்டுருவாகக் கருதாமல், அளவையும் கணக்கையும் சார்ந்து வாழ்ந்த ஒரு சமூகத்தின் கற்றல்முறையாகவே கணித வரலாற்றாய்வாளர் செந்தில் பாபு தம் ஆய்வில் விளக்குகிறார், அவ்விளக்கம் ஏற்கத்தக்கதே. ஆண்டு வகுப்பு என்ற பிரிவு அங்கே இல்லை. ஐந்து வயதுப் பிள்ளையும் பத்து வயதுப் பிள்ளையும் ஒரே திண்ணையில் தத்தம் சுவடியோடு இருந்தனர். ஒன்றை முடித்தவர் அடுத்ததற்குச் சென்றார். சட்டாம்பிள்ளை எனப்பட்ட மூத்த மாணவர், ஆசிரியரின் இடத்திலிருந்து இளையவர்களுக்குப் பாடம் சொன்னார். பிரம்படியும் கடுந்தண்டனைகளும் அம்முறையின் பகுதியாகவே இருந்தன என்பதையும், பெண்களுக்கும் ஒடுக்கப்பட்ட சாதியினருக்கும் அத்திண்ணை பெரும்பாலும் எட்டாததாகவே இருந்தது என்பதையும் மறைத்துவிட்டு அதைப் போற்றுவது நேர்மையாகாது.

இத்திண்ணை முறையின் ஒரு பகுதி கடல் கடந்து சென்றது. ஸ்காட்லாந்தில் பிறந்த ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் 1787இல் சென்னைக்கு வந்து, 1789இல் எழும்பூரில் இருந்த ராணுவ ஆண் அநாதைச் சிறுவர் காப்பகத்தின் கண்காணிப்பாளரானார். ஐரோப்பியப் படைவீரர்களுக்கும் இந்தியப் பெண்களுக்கும் பிறந்த சிறுவர்களே அங்கே மிகுதியாக இருந்தனர். ஒரு நாள் உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் தரையில் அமர்ந்து மணலில் எழுதுவதைக் கண்ட பெல், அதையே தம் காப்பகத்தில் கடைநிலை வகுப்புக்குப் புகுத்த முயன்றார். அங்கிருந்த ஆசிரியர் அதற்கு இணங்கி வராததால், ஜான் பிரிஸ்கன் என்ற எட்டு வயதுச் சிறுவனிடம் அந்த வகுப்பை ஒப்படைத்தார். படைவீரர் ஒருவரின் மகனான அச்சிறுவன் அதை நன்றாக நடத்தியதால், மாணவரே மாணவருக்குக் கற்பிக்கும் முறையைப் பள்ளி முழுவதற்கும் பெல் விரிவாக்கினார். 1796இல் நாடு திரும்பிய அவர் அடுத்த ஆண்டே லண்டனில் இச்சோதனையைப் பற்றிய நூலை வெளியிட, ‘மதராஸ் முறை’ என்ற பெயரில் அது அறியப்படலாயிற்று. லண்டனின் சதர்க் பகுதியில் ஜோசப் லங்காஸ்டர் 1798இல் தொடங்கிய பள்ளியும் இதையொத்த வழியில் சென்றது. விளிம்பு கட்டிய மேசையில் மணல் பரப்பி ஏழைப் பிள்ளைகளுக்கு எழுத்துக் கற்பித்த வகுப்புகள் இங்கிலாந்தில் பெருகின. 1811இல் இங்கிலாந்துத் திருச்சபை சார்ந்த தேசியச் சங்கம் பெல்லின் முறையையே ஏற்றுப் பள்ளிகளை நிறுவியது. பெல் பிறந்த செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் இன்றும் ஒரு பள்ளி ‘மதராஸ் கல்லூரி’ என்ற பெயரைத் தாங்கி நிற்கிறது.

ஆனால் பெல் எடுத்துச் சென்றது முழுமையன்று. மணலும் சட்டாம்பிள்ளையும் இங்கிலாந்து சென்றன. ஒவ்வொரு பிள்ளையும் தன் சுவடியில் தன் வேகத்தில் முன்னேறும் ஒழுங்கு செல்லவில்லை. நூற்றுக்கணக்கானவர்களைக் குறைந்த செலவில் ஒரே கூடத்தில் கற்பிப்பதே அங்கே நோக்கமாக இருந்ததால், பிள்ளைகள் படைவரிசைபோல் வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டு, கட்டளைக்கேற்ப ஒன்றாக நகர்ந்தனர். இதற்கிடையே 1822இல் சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ உள்நாட்டுப் பள்ளிகளைக் கணக்கெடுக்க ஆணையிட்டார். 1826இல் அவர் தொகுத்த விவரப்படி, ஏறத்தாழ ஒன்றே கால் கோடி மக்கள் வாழ்ந்த மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்தன. வீட்டில் கற்றவர்களையும் சேர்த்தால் ஆண் பிள்ளைகளில் மூன்றில் ஒரு பங்குக்கு நெருக்கமானோர் ஏதோ ஒரு கல்வி பெற்றனர் என்பது அவருடைய மதிப்பீடு. அக்கணக்கெடுப்புக்கு அறிக்கை அனுப்பிய பெல்லாரி கலெக்டர் கேம்ப்பெல், மணலில் எழுதும் சிக்கனத்தையும் மூத்த மாணவர் இளையவருக்குக் கற்பிக்கும் ஏற்பாட்டையும் பாராட்டி, இங்கிலாந்து அதைப் பின்பற்றியது தகும் என்றார். எனினும் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அரசு வளர்த்த பள்ளி, ஆண்டு வகுப்பு, வருகைப் பதிவேடு, ஆய்வாளர் வருகை, தேர்வு முடிவுக்கேற்ற மானியம் என்னும் ஒழுங்குகளோடு வந்தது. ஆய்வாளர் வரும் நாளில் வகுப்பில் எத்தனை பேர் தேறுகின்றனர் என்பதைப் பொறுத்துப் பள்ளிக்குப் பணம் கிடைத்ததால், குழந்தையின் கற்றல் முதன்முறையாக வெளியே ஓரிடத்துக்கு அனுப்பப்படும் எண்ணாக மாறியது.

அந்தக் காலத்துப் பள்ளியின் அடையாளக் கருவி சிலேட்டு எனப்படும் கற்பலகை. மணலைப் போலவே எழுதி அழிக்கலாம், ஓலையைப் போலவே கையில் எடுத்துச் செல்லலாம் என்ற இரு வசதிகளும் அதில் கூடியிருந்தன. அன்று சென்னை மாகாணத்தில் இருந்த, இன்று ஆந்திரத்தைச் சேர்ந்த மார்க்காப்பூர்ப் பகுதியின் பாறைகள் இத்தொழிலுக்குப் பெயர்பெற்றவை; மத்தியப் பிரதேசத்தின் மந்த்சௌரில் சிலேட்டுக் குச்சி அறுத்த தொழிலாளர்களின் நுரையீரலைச் சிலிக்காத் தூசி அரித்தது என்பதும் இக்கருவியின் வரலாற்றில் எழுத வேண்டிய செய்தியே. குழந்தைகளின் மடியில் சிலேட்டு இருந்ததுபோல ஆசிரியரின் சுவரில் கரும்பலகை இருந்தது. கோவை இலையையும் அடுப்புக்கரியையும் அரைத்துப் பூசி அதைக் கறுப்பாக்கும் வேலையை மாணவர்களே செய்த பள்ளிகள் பல. குழந்தை எழுதும் பரப்பும் ஆசிரியர் எழுதும் பரப்பும் இவ்வாறு பிரிந்ததும், கற்பித்தலின் திசை முன்சுவரிலிருந்து மடியை நோக்கியதாகிவிட்டது.

அந்தக் கரும்பலகைகூட எல்லாப் பள்ளிக்கும் வாய்க்கவில்லை. 1986ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கையைத் தொடர்ந்து 1987இல் தொடங்கிய கரும்பலகைத் திட்டம், ஒவ்வொரு தொடக்கப் பள்ளிக்கும் குறைந்தது இரண்டு அறைகள், இரண்டு ஆசிரியர்கள், அடிப்படைக் கற்பித்தல் பொருள்கள் என்பதையே இலக்காக வைக்க வேண்டியிருந்தது. அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, 1975 ஆகஸ்ட் முதல் ஓராண்டு, ஆறு மாநிலங்களின் 2,400 கிராமங்களுக்குச் செயற்கைக்கோள் வழியாகக் கல்வி ஒளிபரப்பு நடந்துமுடிந்திருந்தது. வானிலிருந்து பாடம் இறங்கிய நாட்டில் சுவரில் பலகை இல்லாத வகுப்புகள் இருந்தன என்பது வேதனையானது.

குழந்தையிடம் கருவியைத் திருப்பித் தந்த பெரிய முயற்சி மின்சாரம் இல்லாமலே நடந்தது. ஆந்திரத்தின் ரிஷி வேலியில் பல வயதினர் சேர்ந்து பயிலும் சிற்றூர்ப் பள்ளிகளுக்காக உருவான அட்டைமுறையைத் தழுவி, 2003இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. அப்போது ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார், வேலூர் மாவட்டத்தில் குழந்தைத் தொழிலாளர்களுக்கான பள்ளிகளில் பெற்ற பட்டறிவோடு இதை முன்னெடுத்தார். 2007-08இல் அது மாநிலத்தின் எல்லா அரசு மற்றும் உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்தது. பாடநூல் சிறு சிறு படிகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு படிக்கும் ஓர் அட்டை, ஒவ்வொரு அட்டைக்கும் ஒரு படச்சின்னம் என்று வகுக்கப்பட்டது. அப்படிகளின் வரிசையைக் காட்டும் ஏணி சுவரில் தொங்கியது. குழந்தை தன் இடத்தை ஏணியில் பார்த்து, உரிய அட்டையைத் தானே எடுத்து, அது குறிக்கும் குழுவில் பாயில் அமர்ந்தது. சில குழுக்களில் ஆசிரியர் துணை, சிலவற்றில் சக மாணவர் துணை, மற்றவற்றில் தானே கற்றல். கைக்கு எட்டும் உயரத்தில் சுவரைச் சுற்றி அமைந்த கீழ்மட்டக் கரும்பலகையில் ஒவ்வொருவருக்கும் ஒரு பகுதி இருந்தது. எழுதியதும் வரைந்ததும் தலைக்கு மேல் கட்டிய கம்பிப் பந்தலில் தொங்கின. வருகையைக் குழந்தையே பதிந்தது. ஒரு வாரம் காய்ச்சலில் படுத்த பிள்ளை திரும்பி வந்தால், விட்ட அட்டையிலிருந்தே தொடரலாம். பெல் விட்டுச் சென்ற பகுதி, இரண்டு நூற்றாண்டுகள் கழித்து அதே சென்னையில் மீண்டும் வகுப்பறைக்குள் வந்தது என்று இதைச் சொல்வது மிகையாகாது. ஒன்று முதல் நான்கு வகுப்புப் பிள்ளைகள் கலந்து அமர்ந்ததால் பெற்றோருக்கு ஐயம் எழுந்தது. அட்டைகள் கிழிந்தும் தொலைந்தும் போயின. இயந்திரம்போல் படிகளைக் கடக்கும் போக்கும் சில இடங்களில் தலைகாட்டியது. இக்குறைகள் உண்மையானவை, ஆனால் கருவியும் வேகமும் ஒருசேரக் குழந்தையிடம் இருந்த அரசுப் பள்ளி வகுப்பறை அதற்கு முன்னும் பின்னும் அவ்வளவு பரவலாக அமைந்ததில்லை.

பின்னாளில் செயல்வழிக் கற்றல் எளிமைப்படுத்தப்பட்டு, பருவநூல்களோடு இணைந்து, மெல்லப் பின்வாங்கியது. 2018இல் வந்த புதிய பாடநூல்களில் கியூஆர் குறியீடுகள் அச்சிடப்பட்டன. கைபேசியின் கேமராவை அக்கட்டத்தின்மேல் காட்டினால் தொடர்புடைய காணொலி திறக்கும். 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி தொடங்கியது. பெருந்தொற்றால் 2020 மார்ச்சில் மூடிய தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பர் முதல் நாளில்தான் திறந்தன; அந்த இடைவெளியில் வீட்டில் கைபேசி இருந்த பிள்ளைக்கும் இல்லாத பிள்ளைக்கும் இடையே விழுந்த பள்ளத்தை நிரப்ப, இல்லம் தேடிக் கல்வி என்ற பெயரில் தன்னார்வலர்கள் தெருத்தெருவாகப் பிள்ளைகளைக் கூட்டிக் கற்பித்தனர். திரை எட்டாத இடத்துக்கு ஆள் நேரில் போக வேண்டியிருந்தது.

2022 ஜூனில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் இயக்கம், எட்டு வயதுக்குள் ஒவ்வொரு குழந்தையும் பிழையின்றிப் படிக்கவும் அடிப்படைக் கணக்குச் செய்யவும் வேண்டும் என்ற இலக்கோடு, பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்ற மூன்று நிலைகளில் வைத்துக் கற்பிக்கிறது. அந்நிலையைச் செயலி வழியே மதிப்பிடுவது ஆசிரியரின் பொறுப்பு. இதையொட்டித் தொடக்க, நடுநிலைப் பள்ளி ஆசிரியர்கள் ஏறத்தாழ 80,000 பேருக்கு அரசு கைக்கணினி வழங்கியது. 22,000க்கும் மேற்பட்ட தொடக்கப் பள்ளிகளுக்குத் திறன் வகுப்பறைகள் திட்டமிடப்பட்டன. கைக்கணினி என்ற கருத்தின் பிறப்பை நினைத்துப் பார்த்தால் இந்த ஏற்பாட்டின் தன்மை விளங்கும். 1972இல் அமெரிக்கக் கணினி அறிஞர் ஆலன் கே, மடியில் வைத்து இயக்கத்தக்க தட்டையான கணினி ஒன்றைக் கற்பனை செய்து வரைந்தபோது, அதைக் குழந்தைகளின் கருவியாகவே கருதினார். குழந்தை அதில் பாடம் பார்ப்பதோடு நில்லாமல், தானே படைக்கவும் நிரல் எழுதவும் வேண்டும் என்பது அவர் எண்ணம். தமிழ்நாட்டுத் தொடக்க வகுப்பில் அக்கருவி ஆசிரியரின் கையில் இருக்கிறது. பாடக் காணொலியைக் காட்டுவதற்கு அது பெரிதும் உதவுகிறது. முன்பு தம் சொந்தக் கைபேசியையும் இணையச் செலவையும் அரசு வேலைக்குப் பயன்படுத்திவந்த ஆசிரியருக்கு அது ஒரு நியாயமும்கூட. ஆயினும் வருகையும் மதிப்பீடும் பிற விவரங்களும் அதன் வழியே மேலே செல்வதால், மானியத்துக்காக ஆய்வாளர் பதிவேட்டைப் புரட்டிய காலத்தின் தொடர்ச்சி அதில் தெரிகிறது. பதிவேற்றும் வேலை கற்பிக்கும் நேரத்தைத் தின்கிறது என்ற ஆசிரியர் சங்கங்களின் குறையும் அங்கிருந்தே எழுகிறது. திறன் பலகையோ வகுப்பு முழுவதற்கும் ஒரே திரையாக இருப்பதால், அனைவரும் ஒரே நொடியில் ஒரே படத்தைப் பார்க்கும் ஒழுங்கை மீண்டும் நிலைநாட்டுகிறது.

இவற்றில் எதுவும் மாற்ற முடியாத விதியன்று. தனித்தனி வேகத்துக்கு ஏற்பப் பாடத்தைப் பிரித்துத் தரும் ஆற்றல் அட்டையைவிடக் கணினிக்கு அதிகம். செயல்வழிக் கற்றலுக்காகப் படிப்படியாகப் பிரித்த பாடங்களும், அதை நடத்திப் பழகிய ஆயிரக்கணக்கான ஆசிரியர்களும் இம்மாநிலத்திடம் இருக்கின்றனர். ஆனால் ஒரு வேறுபாடு இன்னும் தீரவில்லை: அட்டைமுறையில் பிள்ளை எட்டிய படியைக் காட்டிய ஏணி, அப்பிள்ளையே படித்துத் தன் அடுத்த வேலையைத் தேர்ந்துகொள்ளும்படி வகுப்பறைச் சுவரில் இருந்தது; இன்று அதே செய்தி, ஆசிரியரும் கல்வி அலுவலரும் மட்டும் திறக்கக்கூடிய கணக்கில் இருக்கிறது.