கோபாலன் கோப்பை: சென்னைக்கும் இலங்கைக்கும் இடையிலான ஆண்டுப் போட்டியின் வரலாறு

இந்திய – இலங்கை கிரிக்கெட் உறவைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் 1982 செப்டம்பரில் சேப்பாக்கத்தில் நடந்த முதல் டெஸ்டிலிருந்தே தொடங்குகிறார்கள். அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே, 1952–53 பருவத்தில், சென்னை அணியும் இலங்கை அணியும் எம். ஜே. கோபாலன் பெயரிலான கோப்பைக்காக மோதத் தொடங்கிவிட்டன. ஒரு பக்கம் ரஞ்சிக் கோப்பை ஆடும் மாகாண அணி, எதிரில் ஒரு நாட்டின் தேசிய அணி. அந்தஸ்தில் இருந்த இந்த ஏற்றத்தாழ்வே போட்டியை வாழவைத்தது. அது நீங்கியதும் போட்டிக்கு வேலை இல்லாமல் போனது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

கோபாலன் 1909-இல் செங்கல்பட்டு மாவட்டத்து மொரப்பாக்கத்தில் பிறந்தவர். வேகப்பந்து வீச்சாளரான அவரைக் கண்டெடுத்தவர் ஆங்கிலேய ஆட்டக்காரர் சி. பி. ஜான்ஸ்டன். பர்மா ஷெல் நிறுவனத்தில் வேலையும் கிடைத்தது. சம்பளம் வாங்கிக்கொண்டே ஆடலாம் என்ற நிலை அந்தத் தலைமுறைக்கு மிகப் பெரிய விஷயம்.

1934 நவம்பரில் சேப்பாக்கத்தில், மைசூருக்கு எதிராக, ரஞ்சிக் கோப்பையின் முதல் பந்தை வீசியவர் கோபாலன். அந்த ஆட்டம் ஒரே நாளில் முடிந்துபோனது. 1935-இல் இந்திய ஹாக்கி அணியுடன் நியூசிலாந்து சென்றார். 1936-இல் பெர்லின் ஒலிம்பிக்கா, கிரிக்கெட் அணியுடன் இங்கிலாந்தா என்ற கேள்வி வந்தபோது இங்கிலாந்தைத் தேர்ந்தார். ஹாக்கி அணி தங்கத்தோடு திரும்பியது. இவருக்கோ இங்கிலாந்தில் ஒரு டெஸ்டும் கிடைக்கவில்லை. 1934 ஜனவரியில் கல்கத்தாவில் ஆடியதே அவருடைய ஒரே டெஸ்ட்.

கோப்பை பிறந்த காலத்தைக் கவனிக்க வேண்டும். சென்னையில் இந்தியருக்கும் ஐரோப்பியருக்கும் இடையே பொங்கலை ஒட்டி நடந்துவந்த பிரசிடென்சி ஆட்டம் 1915–16 முதல் முதல்தர ஆட்டமாகக் கணக்கில் கொள்ளப்பட்டது. சுதந்திரத்துக்குப் பின் ஐரோப்பியர் எண்ணிக்கை குறையக் குறைய அதன் வீறும் குறைந்து, 1952-உடன் முடிவுக்கு வந்தது. அடுத்த பருவத்திலேயே இலங்கையுடனான ஆட்டம் தொடங்குகிறது. ஆண்டுக்கொரு பெரிய ஆட்டத்துக்குப் பழகிய சேப்பாக்கத்துக்கு ஒரு புதிய எதிரணி தேவைப்பட்டது. கடலுக்கு அப்பால் அது தயாராக இருந்தது.

இலங்கையின் தேவை இதைவிடப் பெரிது. ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இடையே செல்லும் கப்பல்கள் கொழும்பில் நிற்கும்போது, இறங்கிவரும் அணிகளுடன் ஒரு நாள் ஆடுவதே அங்கே வழக்கம். 1948 மார்ச்சில் பிராட்மன் அணி அப்படி ஆடியபோது பிட்ச் 22 கஜத்துக்குப் பதிலாக 20 கஜமே இருந்தது தெரியவந்தது. நகைப்புக்குரிய செய்திதான், ஆனால் அந்த ஆட்டங்கள் எந்த அளவுக்கு விளையாட்டு, எந்த அளவுக்கு உபசாரம் என்பதை அது காட்டிக்கொடுத்துவிடுகிறது. அன்று இலங்கைக்குத் தலைமை தாங்கிய மகாதேவா சதாசிவம், முந்தைய ஆண்டு சேப்பாக்கத்தில் தென்னிந்திய அணிக்கு எதிராக 215 ரன் எடுத்தவர். பிற்காலத்தில் சிங்கப்பூருக்கும் மலாயாவுக்கும் கேப்டனாக இருந்த தமிழர். இலங்கையிடம் ஆட்டக்காரர்கள் இருந்தார்கள், முதல்தர ஆட்டங்கள்தான் இல்லை. அந்நாட்டின் உள்ளூர்ப் போட்டிகள் முதல்தர அந்தஸ்து பெற்றது 1988–89-இல்தான்.

அந்தக் குறையை ஓரளவு ஈடுகட்டியது கோபாலன் கோப்பை. சென்னையிலும் இலங்கையிலும் மாறிமாறி, பெரும்பாலும் ஆண்டுதோறும் நடந்தது. 1954–55-இல் ரஞ்சிக் கோப்பையை வென்ற சென்னை அணியையும், அடுத்த தலைமுறையில் வி. வி. குமார், வெங்கட்ராகவன் ஆகியோரின் சுழலுக்குப் பேர்போன அணியையும் எதிர்கொள்வது சிறிய பயிற்சி அல்ல. 1965 ஜனவரியில் அகமதாபாத்தில், மைக்கேல் திசேரா தலைமையிலான இலங்கை, பட்டோடியின் இந்திய அணியை 66 ரன்னில் சுருட்டி, அதிகாரபூர்வமற்ற டெஸ்டில் வென்றது. இதன் பெருமை முழுவதையும் சென்னை ஆட்டங்களுக்குக் கொடுப்பது மிகை. இந்தியப் பந்துவீச்சு அவர்களுக்குப் புதிதல்ல என்ற அளவில் பங்குண்டு.

அதன்பின் இலங்கை வேகமாக வளர்ந்தது. 1965-இல் சர்வதேச கிரிக்கெட் அமைப்பின் இணை உறுப்பினர். 1975-இல் முதல் உலகக் கோப்பை. 1979 உலகக் கோப்பையில் இந்தியாவையே 47 ரன் வித்தியாசத்தில் தோற்கடித்தது. 1981 ஜூலையில் டெஸ்ட் தகுதி. 1982-இல் சேப்பாக்கத்தில் துலீப் மெண்டிஸ் இரண்டு இன்னிங்ஸிலும் 105, 105 என்று அடித்தபோது எதிரே நின்றது கவாஸ்கரின் இந்தியா. ஒரு மாநில அணியுடன் ஆண்டுதோறும் ஆட இலங்கைக்கு இனி நாளும் இல்லை, காரணமும் இல்லை. 1970களின் நடுப்பகுதிக்குப் பின் விட்டுவிட்டு நடந்த கோபாலன் கோப்பை 1980களின் தொடக்கத்தோடு நின்றது. பின்னாளில் கொழும்பு மாவட்ட அணியை வைத்து மீட்டெடுக்க நடந்த முயற்சி பழைய இடத்தைப் பிடிக்கவில்லை; அங்கே மோதியவை இரண்டு உள்ளூர் அணிகள்.

இலங்கையின் இனப்போர்தான் இந்தப் போட்டியைக் கொன்றது என்று எளிதாகச் சொல்லிவிடலாம். காலவரிசை அதற்கு முழுமையாக இடம்கொடுக்கவில்லை. 1983 ஜூலைக் கலவரத்துக்கு முன்பே அது தேய்ந்துவிட்டிருந்தது. போரின் பங்கு வேறு வகை: மீண்டும் தொடங்கும் வழியை அது அடைத்தது. அந்தப் போரின் தொடர்ச்சியாக 1991 மே 21-இல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். போர் முடிந்த பிறகும் கசப்பு குறையவில்லை. 2013 மார்ச்சில் முதலமைச்சர் ஜெயலலிதா பிரதமருக்குக் கடிதம் எழுதியதை அடுத்து, இலங்கை வீரர்கள் சென்னையில் ஐபிஎல் ஆட முடியாது என்று முடிவானது. 2008 முதல் 2010 வரை சென்னையின் ஐபிஎல் அணிக்காகவே ஆடிய இலங்கை வீரர் முத்தையா முரளிதரன் அப்போது பெங்களூரு அணியில் இருந்தார். சேப்பாக்க ஆட்டத்தில் அவர் இறங்கவில்லை.