நெல்வயலில் பிறந்த சொல்

நன்கு படித்துவந்த இளைஞன் ஒருவன் ஒருநாள் புத்தகங்களை மூடிவைத்துவிட்டு, "இனி என்னால் ஓட இயலாது" என்று கூறிப் படுத்துக்கொள்கிறான். சோம்பல் என்கிறார் தந்தை. கண்ணூறு என்கிறார் வீட்டின் மூதாட்டி. இக்காட்சி இன்று நம் இல்லங்களில் அரிதன்று. சீன நாட்டில் இதற்கு ஒரு பெயரே உண்டு. 2021ஆம் ஆண்டில் அந்நாட்டு இளைஞரிடையே 'தாங்பிங்' என்னும் சொல் பரவியது. 'மல்லாந்து படுத்துவிடுதல்' என்பது அதன் பொருள். அதற்குச் சற்று முன்னரே, பயனின்றி ஒருவரையொருவர் நெருக்கும் போட்டியை 'நெய்ஜுவான்', அதாவது 'உள்நோக்கிச் சுருளுதல்' என்று அவர்கள் குறிக்கத் தொடங்கியிருந்தனர்.

இச்சொல் நடந்துவந்த வழியைப் பின்தொடர்ந்து சென்றால், நாம் பரீட்சைக் கூடத்தை அடைவதில்லை, நெல்வயலை அடைகிறோம். அமெரிக்க மானிடவியலார் கிளிஃபோர்ட் கீர்ட்ஸ் 1963இல் ஜாவாத் தீவின் வேளாண்மையைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். டச்சுக்காரர் ஆட்சியில் ஜாவாவின் மக்கள்தொகை பெருகிற்று, நிலமோ பெருகவில்லை. மக்கள் அதே வயலில் மேலும் மேலும் கைகளை இறக்கினர். நாற்றை இன்னும் கருத்தாய் நட்டனர். களையை இன்னும் நுணுக்கமாய் எடுத்தனர். ஏக்கருக்கு விளைவு ஏறியது. ஆளுக்குக் கிடைத்தது ஏறவில்லை. இந்நிலையையே அவர் உட்சுருளல் என்றார். பின்னர் பிலிப் ஹுவாங் என்னும் வரலாற்றாசிரியர் 1990இல் வெளியிட்ட நூலில் சீனத்தின் யாங்சி ஆற்றுக் கழிமுகத்திலும் இதையே கண்டு எழுதினார். அவ்வழியே சீன அறிஞருலகில் புகுந்த சொல், நாளடைவில் மாணவரின் வாயில் வந்து அமர்ந்தது.

நெல்லும் நெருக்கமும் சேர்ந்த இன்னொரு கழிமுகம் நம் தஞ்சைத் தரணி. அதன் கதையை அறிந்தோர்க்கு இச்சொல்லின் உட்பொருள் எளிதில் விளங்கும்.

கல்லணை காத்த நிலம் அது. 1934இல் மேட்டூர் அணை எழுந்தபின் குறுவையும் தாளடியும் மேலும் பரவின. ஆயினும் நிலத்தின் பெரும்பகுதி மிராசுதார்கள், மடங்கள், கோயில்கள் ஆகியோரிடம் இருந்தது. உழுதவருள் ஒரு சாரார் வாரத்துக்கோ குத்தகைக்கோ பயிரிட்ட புறக்குடிகள். மற்றொரு சாரார் கடனாலும் வழக்கத்தாலும் ஒரே பண்ணையோடு பிணைக்கப்பட்ட பண்ணையாட்கள். இவர்களுட் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதியினர். நிலம் வேண்டுவோர் பலராகவும் தருவோர் சிலராகவும் இருக்கையில், ஒரு குடியானவர் ஒப்பாத குத்தகையை அடுத்தவர் ஒப்புவார். அவரும் தயங்கினால் மூன்றாமவர் காத்திருப்பார். போட்டியில் வென்றவர் பெற்ற பரிசு, முன்னிலும் குறைந்த பங்கு. ஜாவாவைப் பற்றிய கீர்ட்ஸின் கருத்தைப் பின்வந்தோர் சிலர் மறுத்ததும் இவ்விடத்தில்தான்: நெருக்கடியின் சுமை எல்லார் தலையிலும் ஒன்றுபோல் ஏறுவதில்லை.

பண்ணையாளின் நிலை வேறு வகையானது. அவருக்குக் கூலி மரக்காலில் அளந்த நெல். நாற்றை எத்துணைக் கருத்தாய் நட்டாலும், கூடுதலாய் விளைந்தது பண்ணையின் பத்தாயத்துக்கே போகும். கை தளர்வது அங்கே இயல்பு. தளர்ந்த கையைப் 'பிறவிச் சோம்பல்' என்றனர் நிலமுடையோர்.

அக்கூற்றை நாகப்பட்டினத் துறைமுகம் பொய்யாக்கிற்று. அங்கிருந்து பல்லாயிரவர் கப்பலேறி மலாயா சென்றனர். காடு திருத்தினர், ரப்பர் மரம் சீவினர். அத்தோட்டங்கள் சொர்க்கமல்ல, கங்காணியின் பிடியும் காய்ச்சலும் அங்கேயும் இருந்தன. எனினும் ஊரில் சோம்பேறி எனப்பட்டவர் அங்கே உழைத்து, மிச்சம் பிடித்து, ஊருக்குப் பணம் அனுப்பியதும் உண்டு. நாகூர், கூத்தாநல்லூர் முதலிய ஊர்களில் நம் முன்னோர் பலர் 'சபர்' புறப்பட்டதும் இதே கடல்வழிதான். 1926 முதல் ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஓடிய 'ரஜுலா' கப்பலின் பெயரை அறியாத பழைய குடும்பம் அப்பகுதியில் அரிது. மனிதர் மாறவில்லை, உழைப்புக்கும் பலனுக்கும் இடையே இருந்த தூரம் மாறியது.

இந்த உளவியலை ஆறு நூற்றாண்டுகளுக்கு முன்பே எழுதிவைத்தவர் தூனிஸ் நகரிற் பிறந்த பேரறிஞர் இப்னு கல்தூன் (1332–1406). 1377இல் எழுதிய 'முகத்திமா'வில் அவர் ஒரு கணக்கைச் சொல்கிறார்: ஈட்டியது பறிபோகும் என்று உணர்ந்த மக்கள் ஈட்டும் ஆசையையே இழக்கின்றனர், பறிப்பு எவ்வளவோ, தளர்ச்சியும் அவ்வளவு. சோர்வை அவர் தனிமனிதக் குற்றமாகக் கொள்ளவில்லை. அநீதியின் அளவுகோலாகக் கொண்டார்.

முண்டியடிப்பது ஒரு வழி, படுத்துவிடுவது மற்றொரு வழி. காவிரிக் கழிமுகம் மூன்றாவதாக ஒரு வழியையும் கண்டது. கன்னட நாட்டிற் பிறந்த பி. சீனிவாசராவ் 1943இல் தஞ்சை மாவட்டத்துக்கு வந்து, குடியானவரையும் பண்ணையாட்களையும் சங்கமாகத் திரட்டினார். சாட்டையடிக்கும் சாணிப்பாலுக்கும் முடிவு கட்டுவது அவர்களின் முதற் கோரிக்கைகளுள் ஒன்று. ஒருவரையொருவர் விலை குறைத்து நின்றவர்கள் ஒரே குரலில் பேசத் தொடங்கினர். 1952இல் தஞ்சைக் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. உழுதவருக்கு விளைவில் ஐந்தில் இரண்டு பங்கு உறுதியாயிற்று. 1956இன் நியாயவாரச் சட்டம் அதை ஐந்தில் மூன்றாக உயர்த்தியது. ஏட்டில் இருந்தது வயலில் முழுதும் இறங்கவில்லை, வெளியேற்றங்கள் நிகழ்ந்தன. கூலி உயர்வுப் போராட்டத்தின் நடுவே, 1968 டிசம்பர் 25 இரவில் கீழவெண்மணியில் நாற்பத்து நான்கு உயிர்கள் தீக்கிரையாயின. அதன் பின்னரே, 1969இல், விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் பிறந்தது. பங்கின் விதியை மாற்றுவதற்குக் கொடுத்த விலை அது.

பரீட்சை மண்டபமும் ஒருவகையில் விரியாத வயலே. இடங்கள் சில, கைகள் பல. முந்தின ஆண்டு போதுமாயிருந்த மதிப்பெண் மறு ஆண்டு போதாமற் போகிறது. எல்லாரும் கூடுதலாய் விழித்திருந்து படித்த பின்னும் இடங்களின் எண்ணிக்கை அவ்வளவேதான். எல்லாச் சோர்வும் இதனால் வருவதென்று சொல்லிவிட முடியாது. உடல்நோயும் மனநோயும் இருக்கலாம், அவற்றுக்கு மருத்துவம் வேண்டும். ஆயினும், படுத்துக்கிடக்கும் மகனைச் சோம்பேறி என்று அழைக்குமுன் நாம் கேட்கத் தக்க கேள்வி ஒன்றுண்டு: நாம் அவனை இறக்கிவிட்ட வயலில் அவன் பங்கு எவ்வளவு? அது மிகச் சிறிதெனில், அவனுக்கு வேண்டுவது வசைச்சொல் அன்று. வேறொரு வயலோ, வேறொரு கப்பலோ, உடன் நிற்கும் சிலரோ ஆகும். கழிமுகத்து மக்கள் எழுந்தது அப்படித்தான்.