பிரம்மபுரத்துப் புகையும் பேரேட்டில் வராத ஆட்களும்

2023 மார்ச் 2ஆம் தேதி கொச்சியின் பிரம்மபுரம் குப்பைக் கிடங்கில் தீப்பிடித்தது. அணைக்கப் பன்னிரண்டு நாள் போல ஆகிவிட்டது. வைப்பினில் நாங்கள் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஊரிலிருந்து அம்மா ஃபோனில், "மாஸ்க் போடாம வெளிய போகாதப்பா" என்றாள். அந்த மேட்டின் மேலேயே வேலை பார்ப்பவர்களுக்கு யார் சொல்லியிருப்பார்கள் என்று அப்போதுதான் தோன்றியது.

கடம்பிரயாற்றுப் பக்கம், சதுப்பு நிலத்தில், 2008ல் அங்கே குப்பையை உரமாக்கும் ஆலை திறந்தார்கள். மட்டாஞ்சேரிக் குப்பையும் அங்கேதான் போனது. தரம் பிரிக்காமல் கொட்டியதில் ஆலை திணறியது; பிளாஸ்டிக் மலையாகக் குவிந்தது. 2023க்கு முன்பும் சில தடவை எரிந்திருக்கிறது.

இதில் மர்மம் ஒன்றுமில்லை. காற்றுப் புகாமல் ஈரக்கழிவு அழுகினால் மீத்தேன் உண்டாகும். மேலே அணைந்தாலும் அடியில் கனன்றுகொண்டே இருக்கும். அதனால்தான் மண்வாரி இயந்திரங்களால் குப்பையைக் கிளறிக் கிளறித் தண்ணீர் அடித்தார்கள். கிளறும்போதெல்லாம் புகை, கிளறுபவர் முகத்தில். பிளாஸ்டிக் எரியும் புகையில் டையாக்சின் போன்ற நஞ்சும் இருக்கும்.

தீ இல்லாத நாளிலும் ஆபத்துக்குக் குறைவில்லை. குத்தும் ஊசியால் ஹெபடைடிஸ் பி, துருப்பிடித்த தகரத்தால் டெட்டனஸ், பின்னால் வரும் லாரி, சரியும் மேடு. 2017 ஏப்ரல் 14, புத்தாண்டன்று, கொழும்பு மீதொட்டமுல்லையில் குப்பைமேடு வீடுகள்மேல் சரிந்து 30 பேருக்கு மேல் இறந்தார்கள்.

பழைய கதைதான் இது. தகழியின் 'தோட்டியுடெ மகன்' 1947ல் வந்தது. ஆலப்புழையில் மலம் அள்ளிய மூன்று தலைமுறையின் கதை. அவர்கள் தமிழர்கள். அன்று வாளியும் காலராவும்; இன்று வாயுவும் புகையும். சுந்தர ராமசாமி தமிழில் தந்திருக்கிறார், படிக்காதவர்கள் படியுங்கள்.

கையுறை, முகக்கவசம், காலணி, மழைக்கோட்டு எல்லாம் தரவேண்டும் என்று 2016ஆம் ஆண்டு திடக்கழிவு விதிகளிலேயே எழுதியிருந்தது. தீக்குப் பிறகு, அதே மார்ச்சில், தேசிய பசுமைத் தீர்ப்பாயம் மாநகராட்சிக்கு 100 கோடி ரூபாய் விதித்தது.

காமர்ஸ் படித்தவன் புத்தி எங்கே போகும்! டன், லாரி வாடகை, கூலி, அபராதம், எல்லாவற்றுக்கும் பேரேட்டில் தலைப்பு உண்டு. தொழிலாளியின் நுரையீரலுக்கு இல்லை. திரும்பாது என்று தெரிந்த கடனுக்கு நாங்கள் காலாண்டுதோறும் தொகை ஒதுக்கி வைக்கிறோம். வரும் என்று தெரிந்த நோய்க்கு மட்டும் ஏன் ஒதுக்கக்கூடாது? ஒப்பந்தக்காரரின் ஆள் உட்பட எல்லாருக்கும் பெயர்ப் பதிவு, தடுப்பூசி, வருடம் ஒருமுறை நெஞ்சுப் பரிசோதனை. முதலில் இந்த மூன்றுக்கும் ஒரு பக்கம் திறக்கட்டும்.