ஒரு பாட்டு வாத்தியாரும் ஒரு இன்ஜினியரும்: என் புதுக் குரலின் வரலாறு

ரெகுலரா கேட்கிறவங்களுக்கு முதல் பத்து செகண்ட்லயே ஏதோ மாறியிருக்குன்னு தெரிஞ்சிருக்கும். மைக் அதேதான், எடிட்டிங்லயும் ஒண்ணும் பண்ணல. மாறினது குரல். எட்டு மாசத்துக்கு முன்னாடி, குரலைப் பெண்குரலா மாத்துற சர்ஜரி செஞ்சுக்கிட்டேன். நான் திருநங்கைன்னு உங்கள்ல பலருக்குத் தெரியும். 13 வயசுலேர்ந்து எனக்கு டைப் 1 டயபடீஸ் இருக்குங்கறதை இங்க நான் அதிகம் பேசினதில்ல.

இந்த ரெண்டையும் வெச்சுக்கிட்டு முதல்ல ஒரு டாக்டர்கிட்ட போனப்போ கிடைச்ச பதில்: "உங்களுக்கு சுகர் இருக்கு. இது அவசியமான ஆபரேஷனும் இல்ல. விட்டுடுங்க." பேர் வேண்டாம், அவர் கெட்டவரும் இல்ல. ஆனா அந்தப் பதில் எனக்குள்ள ஒரு கேள்வியைப் போட்டுடுச்சு. இப்படி "விட்டுடுங்க"ன்னு சொல்றது எந்தக் காலம் வரைக்கும் சரியா இருந்தது? எப்போ காலாவதி ஆச்சு?

தேடிப் பார்த்ததில் ரெண்டு பேர் கிடைத்தார்கள். ஒருவர் பாட்டு வாத்தியார், இன்னொருவர் இன்ஜினியர். தங்கள் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று தாங்களே பார்க்க ஆசைப்பட்டபோது ரெண்டு பேருமே டாக்டர் இல்லை. இன்னைக்கு எபிசோடு அவங்களைப் பத்தினது.

தம்புராவும் தொண்டையும்

முதல்ல கொஞ்சம் பிசிக்ஸ். ஒரு தந்தியோட சுருதி மூணு விஷயத்தைப் பொறுத்தது: நீளம், இழுவிசை, கனம். தந்தி நீளமாவும் தடிமனாவும் இருந்தா சுருதி இறங்கும். இறுக்கினாலோ குறுக்கினாலோ ஏறும். நம்ம குரல்வளைக்குள்ள இருக்கிற ரெண்டு குரல் நாண்களும் ஏறக்குறைய இப்படித்தான்.

ஆண் பருவமடையும்போது டெஸ்டோஸ்டிரோன் இந்த நாண்களை நீட்டித் தடிமனாக்கிவிடுகிறது. குரல் 'உடையறது'ன்னு சொல்றோமே, அதுதான். சாதாரணப் பேச்சில் ஆண்குரல் செகண்டுக்கு 100 முதல் 130 தடவை அதிரும், பெண்குரல் 180 முதல் 220 தடவை வரை. நான் ஈஸ்ட்ரோஜன் எடுத்துக்கிறேன். அதால தோல் மாறும், உடம்போட வாகு மாறும். ஒரு தடவை தடிச்ச நாண்கள் மட்டும் திரும்ப மெலியாது. பயிற்சியால் நிறைய மாற்றலாம், நான் ரெண்டு வருஷம் ஸ்பீச் தெரபிக்குப் போனேன். ஆனால் தும்மும்போதும், தூக்கத்திலிருந்து எழுந்து போன் எடுக்கும்போதும் பழைய குரல்தான் வந்தது. "சொல்லுங்க சார்"னு மறுமுனையில கேட்டா அன்னைக்கு முழுக்க மனசு ஒரு மாதிரி இருக்கும்.

ஆறு ஃபிராங்க் கண்ணாடி

மனிதகுலம் ஆயிரக்கணக்கான வருஷமா பாடிக்கிட்டிருக்கு. ஆனா உயிரோட பாடுற ஒருத்தரோட குரல் நாண்களைத் தெளிவாப் பார்த்து எழுதி வெச்சது 19ஆம் நூற்றாண்டோட நடுவுலதான். பார்த்தவர் மானுவேல் கார்சியா, ஸ்பெயினைச் சேர்ந்த பாட்டு ஆசிரியர். தன்னிடம் படிக்கிறவர்களின் தொண்டைக்குள் என்னதான் நடக்கிறது என்பது அவருடைய ரொம்ப நாள் கேள்வி.

1854இல் பாரிஸில் ஒரு மருத்துவக் கருவிக் கடையில், பல் டாக்டர்கள் பயன்படுத்தும் நீளக் கைப்பிடி வைத்த சின்னக் கண்ணாடி ஒன்றை ஆறு ஃபிராங்குக்கு வாங்கினார். அதைச் சுடுதண்ணீரில் காட்டிச் சூடாக்கி, துடைத்து, தன் உள்நாக்குக்குப் பக்கத்தில் வைத்தார். இன்னொரு கைக்கண்ணாடியால் சூரிய ஒளியை உள்ளே திருப்பினார். அவருடைய குரல் நாண்களே திறந்து மூடுவது கண்ணாடியில் தெரிந்தது. அடுத்த வருஷமே லண்டன் ராயல் சொசைட்டிக்கு அதைக் கட்டுரையாக அனுப்பினார்.

இந்தக் கண்ணாடியை மருத்துவத்துக்குள்ள கொண்டுவந்தது டூர்க், செர்மாக்னு ரெண்டு டாக்டர்கள். யார் முதல்னு அவங்களுக்குள்ள பெரிய சண்டையே நடந்துச்சு. கார்சியா சண்டைக்குப் போகாம பாட்டு சொல்லிக் கொடுத்துக்கிட்டே 101 வயசு வரைக்கும் வாழ்ந்தார்.

பார்க்கிறது வேற, தைக்கிறது வேற. தொண்டை மூச்சுப் பாதை. அங்கே லேசா வீங்கினாலும் ஆபத்து. டென்மார்க் ஓவியர் லிலி எல்ப, பெண்ணாக மாறுவதற்கான அறுவை சிகிச்சைகளை ஜெர்மனியில் 1930இலேயே தொடங்கிவிட்டார். அடுத்த வருஷம் அந்த சிகிச்சைகளின் விளைவாகவே இறந்தும் போனார். குரலுக்கான சர்ஜரி வர அதுக்கப்புறம் இன்னும் பல பத்தாண்டுகள் ஆச்சு. 1960களில் ஜெர்மனியின் கொலோன் நகரில் ஆஸ்கர் கிளைன்சாசர், வாய் வழியாகச் செருகும் குழாயையும் ஆபரேஷன் மைக்ராஸ்கோப்பையும் சேர்த்து, மில்லிமீட்டர் கணக்கில் வேலை செய்யும் முறையைக் கொண்டுவந்தார். கார்சியாவோட கண்ணாடி இருந்த இடத்துக்கு லென்ஸ் வந்தது, டாக்டரோட ரெண்டு கையும் ஃப்ரீ ஆச்சு.

இப்போ நம்ம தம்புராவுக்கு வாங்க. 1974இல் ஜப்பானின் கியோட்டோவில் நொபுஹிகோ இஷ்ஷிகி, குரல்வளைக் குருத்தெலும்புகளை மாற்றியமைக்கும் நாலு வகை அறுவை சிகிச்சைகளை எழுதினார். நாலாவது வகை, நாண்களை இழுத்து இறுக்குவது. சுருதி ஏறும், ஆனா கழுத்துல வெட்டணும். சிலருக்குக் காலப்போக்கில் அந்த இறுக்கம் தளர்ந்து சுருதி மறுபடி இறங்கவும் செய்தது.

1989இல் பெர்லினைச் சேர்ந்த யூர்கன் வெண்ட்லர் இன்னொரு வழியை முன்வைத்தார். இறுக்காதே, குறுக்கு. வாய் வழியாகவே போய், ரெண்டு நாண்களின் முன்பகுதியில் மேல்தோலை எடுத்துவிட்டு, சேர்த்துத் தைத்துவிடுவது. ஆறியதும் அந்தப் பகுதி ஒட்டிக்கொள்ளும். மிச்சம் இருக்கும் நீளம் மட்டும் அதிரும். வெளியே தழும்பு கிடையாது. எனக்குச் செஞ்சது இதுதான்.

இந்த சர்ஜரி மொத்தமும் ஒரே ஒரு விஷயத்தை நம்பியிருக்கு: தைச்ச இடம் ஒழுங்கா ஆறணும். சுகர் கட்டுப்பாட்டில் இல்லாத உடம்பில் காயம் மெதுவாக ஆறும், தொற்றும் எளிதில் வரும். அந்த டாக்டரோட பயத்துக்குக் காரணம் இல்லாம இல்ல.

பெனடிக்ட் கரைசல் காலம்

1921க்கு முன்னாடி டைப் 1 வந்த பிள்ளைகளுக்கு மருத்துவம் கொடுக்க முடிஞ்சது பட்டினி மட்டும்தான். சாப்பாட்டை ரொம்பக் குறைத்து, கொஞ்ச நாளோ கொஞ்ச மாசமோ உயிரை நீட்டிப்பார்கள். அந்த உடம்பில் கத்தி வைப்பது கிட்டத்தட்ட மரண தண்டனை. அன்னைக்கு "விட்டுடுங்க"ன்னு சொல்லியிருந்தா அது நூத்துக்கு நூறு சரி.

1921 கோடையில் டொராண்டோ பல்கலைக்கழகத்தில் பாண்டிங், பெஸ்ட் ரெண்டு பேரும் இன்சுலினைப் பிரித்தெடுக்கும் வேலையைத் தொடங்கினார்கள். 1922 ஜனவரி 11ஆம் தேதி லெனார்ட் தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு முதல் ஊசி போட்டார்கள். மருந்து சுத்தமாக இல்லை, அலர்ஜி ஆனது. காலிப் என்ற வேதியியலாளர் அதைச் சுத்திகரித்துக் கொடுக்க, 12 நாள் கழித்து மறுபடி போட்டார்கள். இந்த முறை பலித்தது.

இன்சுலின் வந்தாச்சு, ஆனா எவ்வளவு போடணும்னு தெரியணுமே? வீட்டுல செய்ய முடிஞ்சது சிறுநீர் டெஸ்ட்தான். பிளஸ் டூ லேப்ல பண்ணியிருப்பீங்க, பெனடிக்ட் கரைசல்: நீலம், பச்சை, மஞ்சள், செங்கல் சிவப்பு. அது சொல்றது சில மணி நேரத்துக்கு முந்தைய கதை. லாக் ஃபைல் லேட்டா வர்ற சர்வரை டீபக் பண்ற மாதிரி.

இங்கேதான் நம்ம இன்ஜினியர் வர்றார். அமெரிக்காவைச் சேர்ந்த ரிச்சர்ட் பெர்ன்ஸ்டீனுக்கு 12 வயதில், 1946இல் டயபடீஸ் வந்தது. முப்பதுகளிலேயே உடம்பு பல விதத்தில் பழுதாகத் தொடங்கியது. 1969இல் ஒரு விளம்பரம் பார்த்தார்: ஒரு சொட்டு ரத்தத்தில் ஒரே நிமிஷத்தில் சுகர் சொல்லும் மெஷின். ஒரு கிலோவுக்கு மேல் கனம், விலை சுமார் 650 டாலர். அதை டாக்டர்களுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் மட்டும்தான் விற்பார்கள். அவருடைய மனைவி டாக்டர், அதனால் அவர் பெயரில் ஆர்டர் போட்டார்கள்.

பெர்ன்ஸ்டீன் ஒரு நாளைக்கு அஞ்சாறு தடவை தன் ரத்தத்தை அளந்தார். சாப்பாட்டை, இன்சுலினை ஒவ்வொன்றாக மாற்றி, எது என்ன செய்கிறது என்று குறித்துக்கொண்டே வந்தார். சுகர் சமநிலைக்கு வந்தது. கட்டுரை எழுதி அனுப்பினார், மருத்துவ இதழ்கள் திருப்பி அனுப்பின. டாக்டர் இல்லாதவர் பேச்சை யார் கேட்பா? சரின்னு 45 வயசுல மெடிக்கல் காலேஜ்ல சேர்ந்து டாக்டராவே ஆயிட்டார்!

அதே காலகட்டத்தில், 1968இல் டெஹ்ரானில் சாமுவேல் ரஹ்பர், டயபடீஸ் உள்ளவர்களின் ரத்தத்தில் வித்தியாசமான ஒரு ஹீமோகுளோபினைக் கவனித்தார். இன்னைக்கு எச்பிஏ1சின்னு மூணு மாச சராசரி பார்க்கிற டெஸ்ட்டுக்கு வேர் அதுதான். 1993இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் 1,441 பேரை வைத்து நடந்த பெரிய ஆய்வின் முடிவு வெளிவந்தது. சுகரை நெருக்கமாகக் கண்காணித்துக் கட்டுப்படுத்தியவர்களுக்குக் கண் பாதிப்பு வரும் ஆபத்து 76 சதவீதம் குறைந்திருந்தது. பெர்ன்ஸ்டீன் தன் ஒரே உடம்பில் பார்த்ததை மருத்துவ உலகம் ஒத்துக்கொள்ள ஏறக்குறைய கால் நூற்றாண்டு ஆனது.

வணக்கம் சொல்லுங்க

இந்த ரெண்டு வரலாறும் என் உடம்புல சந்திச்சுக்கிட்டது போன வருஷம். ரெண்டாவதா பார்த்த டாக்டர் "விட்டுடுங்க"ன்னு சொல்லல. "எச்பிஏ1சி 8.6 இருக்கு. கீழ கொண்டுவாங்க, தேதி குறிக்கலாம்"னார். அஞ்சு மாசத்துல 7.2க்குக் கொண்டுவந்தேன்.

மயக்க மருந்து டாக்டர் என்னைப் பார்த்ததும் "வணக்கம் சொல்லுங்க"ன்னார். குழப்பத்தோட கை கூப்பினேன். அது டெஸ்ட். ரொம்ப வருஷம் டயபடீஸ் இருந்தா மூட்டுகள் இறுகும், உள்ளங்கை ரெண்டும் முழுசா ஒட்டாது. கையில இறுக்கம் இருந்தா கழுத்திலும் இருக்கலாம், அப்போ வாய் வழியா குழாய் விடுறது கஷ்டம். என் கை ஒட்டுச்சு.

காலையில முதல் கேஸா என்னை எடுத்தாங்க, வெறும் வயித்துல ரொம்ப நேரம் இருக்கக் கூடாதுன்னு. அடிப்படை இன்சுலினை நிறுத்தவே இல்ல. தொண்டை வீங்காம இருக்க ஸ்டீராய்டு போடுவாங்க, அது சுகரை ஏத்தும். அன்னைக்கு சாயங்காலம் 280 வரைக்கும் போச்சு. அதை எதிர்பார்த்து முன்னாடியே ஒரு கணக்கு எழுதி வெச்சிருந்தாங்க, ராத்திரிக்குள்ள இறங்கிடுச்சு.

கஷ்டமான பகுதி அதுக்கப்புறம்தான். பத்து நாள் ஒரு வார்த்தை பேசக் கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது. டயபடீஸ் இல்லாதவங்களுக்கு அது போர் அடிக்கும், அவ்வளவுதான். எனக்கு ராத்திரி லோ சுகர் வந்தா? கை நடுங்கும், வேர்க்கும், கூப்பிட்டே ஆகணும். கூப்பிடத்தான் முடியாது. அம்மா பூஜை மணியை எடுத்துட்டு வந்து தலைமாட்டுல வெச்சாங்க. கையில சென்சார் இருந்தது, அதோட ரீடிங் அம்மா போனுக்கும் போகும். நாலாவது நாள் ராத்திரி 58க்கு இறங்குச்சு. நான் மணியைத் தேடிக்கிட்டிருக்கும்போதே அம்மா ஜூஸோட வந்து நின்னாங்க. "மணி அடிக்காமலே வந்துட்டேன் பாரு"ன்னாங்க.

650 டாலர் மெஷினை மனைவி பேர்ல வாங்கின அந்த இன்ஜினியரை அன்னைக்கு நினைச்சுக்கிட்டேன். அவர் பிடிவாதமா தன் ரத்தத்தைத் தானே அளந்து பார்த்ததாலதான் இன்னைக்கு எங்கம்மா போன்ல அலாரம் அடிக்குது.

என்ன கிடைச்சது, என்ன கிடைக்கல

இந்த சர்ஜரி மேஜிக் கிடையாது. என் பேச்சு சுருதி 125லேர்ந்து 185 ஹெர்ட்ஸ் பக்கம் வந்திருக்கு. ஆனா சத்தமா கத்த முடியல, மேல் ஸ்தாயியில பாட முடியல, கொஞ்சம் கரகரப்பு இருக்கு. வார்த்தையோட ஏற்ற இறக்கம், தொண்டையில எதிரொலிக்கிற விதம், இதெல்லாம் தையலால மாறாது, தெரபி இன்னும் போயிட்டிருக்கு. உங்களுக்கு டயபடீஸ் இருந்து இதை யோசிச்சா, நான் சொன்ன நம்பரை வெச்சு முடிவெடுக்காதீங்க. உங்க உடம்புக்கான கணக்கை உங்க டாக்டர்தான் போடணும்.

"அவசியமான ஆபரேஷன் இல்ல"ங்கற வார்த்தைக்கு மட்டும் ஒரு பதில் சொல்லிடறேன். மருத்துவத்துல ஆபரேஷன்கள் ரெண்டு வகை: உடனே செய்யறது, நாள் குறிச்சு செய்யறது. இது ரெண்டாவது வகை. நாள் குறிக்கலாம்னா, சுகரைச் சரி பண்ண அவகாசம் இருக்குன்னு அர்த்தம். யாருக்கும் தேவையில்லன்னு அதை மொழிபெயர்க்கக் கூடாது. போன் எடுத்து "ஹலோ"ன்னு சொல்ல இன்னைக்கு எனக்குத் தயக்கம் இல்ல, எனக்கு அது தேவைதான்.

பழைய எபிசோடுகளை அழிக்கச் சொல்லி சிலர் அன்போட எழுதியிருந்தீங்க. அழிக்கப் போறதில்ல. அதுவும் நான் பேசினதுதான்.

தொடர்ந்து அரை மணி நேரம் பேசினா இன்னும் குரல் களைச்சுப் போகுது. அதனால இந்த சீசன் முழுக்க எபிசோடுகள் இந்த அளவுலதான் இருக்கும். சென்சார் இப்போ 94 காட்டுது, அம்புக்குறி கீழ பார்க்குது. நான் போய் சாப்பிடறேன். அடுத்த வாரம் பார்ப்போம்.