கிழக்கு வெளுக்கும்வரை ஆடிய கூத்து

‘கூத்தாடி கிழக்கே பார்ப்பான், கூலிக்காரன் மேற்கே பார்ப்பான்’ என்பது எம்மவரிடையே நெடுங்காலம் வழங்கிவரும் பழமொழி. விடியுமட்டும் ஆடவேண்டியவனாதலின் கூத்தாடியின் கண் கிழக்கையே நாடும் என்பது அதன் கருத்து. இப்பழமொழியை இன்று எமது மன்றத்து இளைஞரிடம் கூறினால் அதன் பொருளையும் உடன் விளக்கவேண்டியிருக்கிறது. அவர்கள் மீது குற்றமில்லை. அவர்கள் கண்ட கூத்து தமிழ்த்தினப் போட்டி மேடையிலே, மணி அடிப்பதற்குள் ஆடி முடிக்கப்படுகின்ற கூத்து. அங்கே ஆடுபவன் பார்ப்பது கிழக்கையன்று, நடுவரின் கைக்கடிகாரத்தை.

கொட்டியாரக் குடாவின் தென்கரையில் வாழும் எமக்கு மட்டக்களப்பு அயலூர். இடையிலே வெருகல் ஆறு ஓடுகிறது. ஆயினும் கூத்துக்கு அவ்வாறு ஒருபோதும் எல்லையாக நின்றதில்லை. சித்திரவேலாயுதர் திருவிழாவுக்கு இருபுறத்தாரும் கூடுவதுபோலவே, கூத்தின் தாளக்கட்டும் இருபுறத்தும் பயின்று வந்தது. வடமோடி, தென்மோடி என்னும் பாகுபாடு எமது முதியோருக்குப் பாடம் சொல்லித்தர வேண்டாத செய்தி. வடமோடி பெரும்பாலும் பாரதப் போரையும் இராமாயணப் போரையும் பொருளாகக் கொள்ளும். ஆட்டமும் அதற்கேற்ற விறுவிறுப்புடையது. தென்மோடியோ காதற் கதைகளை நாடும். இசை நுணுக்கமும் ஆட்ட நுணுக்கமும் அதிலே மிகுதி. வடமோடி அரசன் பாரமான கிரீடமும் கரப்புடுப்பும் தரித்து வருவான். தென்மோடிக்கு உடையின் பாரம் குறைவு.

வயல் வேலை ஓய்ந்த காலத்திலே நல்ல நாட் பார்த்து ஊர்ப் பெரியோர் கூடுவர். அண்ணாவியார் ஆளைப் பார்த்து, குரலைப் பார்த்து, காலைப் பார்த்துப் பாத்திரத்தைப் பங்கிடுவார். அதன்பின் இரவு தோறும் பழக்கம். மாதக் கணக்காகப் பழகியபின் சதங்கை அணியும் விழா, பின்னர் ஆட்டத்தைச் சரிபார்க்கும் அடுக்குப் பார்த்தல், இறுதியிலேதான் அரங்கேற்றம். மண்ணால் உயர்த்திய வட்டக்களரியின் நடுவே மத்தளத்துடன் அண்ணாவியார் நிற்பார். சுற்றிவர நாற்புறமும் சனங்கள். ஆடுபவனுக்கு முன்புறம், பின்புறம் என்பது இல்லை. பெண் பாத்திரத்தையும் ஆண்மகனே ஏற்பான். பகலிலே ஏர் பிடித்தவன் இரவிலே தருமனாவான். மறுநாட் காலை அவனைத் தருமர் என்றே சிறுவர் கூப்பிடுவர். ஒரு கூத்திலே பெற்ற பெயர் ஒருவனுக்கு ஆயுள் முழுவதும் ஒட்டிக்கொண்ட கதைகள் எல்லா ஊரிலும் உண்டு.

இத்தகைய கலையை எமது படித்த வகுப்பினர் நெடுங்காலம் மதித்தாரில்லை. ஆங்கிலக் கல்விபெற்றோருக்கு நாடகம் என்றால் சேக்ஸ்பியர். பட்டணத்தாருக்கு நாடகம் என்றால் திரைச்சீலை கட்டி ஆர்மோனியம் வாசித்த கொட்டகை நாடகம். கூத்து என்பது படியாதவன் ஆட்டம், நாட்டுப்புறத்தான் ஆட்டம் என்று ஒதுக்கப்பட்டது. சாதிப் பெருமையும் இவ்வொதுக்கலிலே கலந்திருந்தது என்பதை நாம் மறைக்கவேண்டியதில்லை.

இந்நிலை மாறத் தொடங்கியது 1956-ஆம் ஆண்டினை ஒட்டியேயாம். அவ்வாண்டு யூன் மாதத்திலே சிங்களம் மட்டுமே அரசகரும மொழி என்னும் சட்டம் நிறைவேறியது. அதே ஆண்டு நவம்பர் 3-ஆந் திகதி கொழும்பு லயனல் வென்ட் அரங்கிலே பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திராவின் ‘மனமே’ அரங்கேறியது. சிங்கள மக்கள் தமக்கென ஒரு தேசிய நாடக வடிவம் பிறந்துவிட்டது என்று கொண்டாடினர். அக்கொண்டாட்டம் நியாயமானதே. ஆனால் அவ்வடிவம் எங்கிருந்து வந்தது? மேற்குக் கரையோரத்திலே வழங்கிய ‘நாடகம’ என்னும் ஆடலிலிருந்து சரச்சந்திரா அதனை எடுத்தார். அந்நாடகமவோ கத்தோலிக்கர் வழியாகத் தமிழ்க் கூத்திலிருந்து கிளைத்தது. அதற்கு வாசிக்கும் மத்தளத்தைச் சிங்களவர் ‘தெமள பெர’, அதாவது தமிழ்ப் பறை, என்றே அழைத்தனர். மொழியாலே இரு சாராரும் பிரிந்து நின்ற அதே ஆண்டில், சிங்களத் தேசிய அரங்கின் நடுவே தமிழ்ப் பறை முழங்கிற்று. வரலாறு சிலவேளை நகைச்சுவை அறிந்தே நடந்துகொள்கிறது.

சரச்சந்திராவின் பணியைப் பேராதனையிலே அருகிருந்து கண்டவர் தமிழ்த் துறையைச் சேர்ந்த சு. வித்தியானந்தன். தெல்லிப்பழையிலே 1924-ஆம் ஆண்டு பிறந்து, இலண்டனிலே கலாநிதிப் பட்டம் பெற்று வந்த இவர், கலைக்கழகத்தின் தமிழ் நாடகக் குழுவுக்குத் தலைமை பூண்டார். மட்டக்களப்பிலும் மன்னாரிலும் ஊரூராகச் சென்றார். அண்ணாவிமாரைத் தேடிச் சந்தித்தார். அவர்களுக்கு மேடையிட்டு மதிப்பளித்தார். ஏட்டிலும் கொப்பியிலும் கிடந்த கூத்துக்களை அச்சேற்றினார். மட்டக்களப்பு ‘அலங்கார ரூபன் நாடகம்’ 1962-லும், மன்னார் ‘எண்டிறீக்கு எம்பரதோர் நாடகம்’ 1964-லும் வெளிவந்தன. பல்கலைக்கழக மாணவரைக் கொண்டே 1962-ல் ‘கர்ணன் போர்’, பின்னர் ‘நொண்டி நாடகம்’, ‘இராவணேசன்’, ‘வாலிவதை’ ஆகியவற்றை மேடையேற்றினார். இராவணனாக ஆடிய மட்டக்களப்பு மாணவர் சி. மௌனகுரு பிற்காலத்திலே தாமே பேராசிரியராகி, அக்கூத்து மரபையே ஆராய்ந்து நூல் செய்தார்.

பேராதனையிலே கூத்து மாறியது. விடியவிடிய ஆடியது ஏறக்குறைய ஒன்றரை மணி நேரமாகச் சுருங்கிற்று. வட்டக்களரி போய், ஒருபக்கம் மட்டும் பார்க்கும் படச்சட்ட மேடை வந்தது. மீளமீளப் பாடும் பகுதிகள் குறைக்கப்பட்டன. பெண் பாத்திரங்களைப் பெண்களே ஏற்றனர். ஆட்டமும் மத்தளமும் தாளக்கட்டும் மாத்திரம் பழைய வீறுடன் நின்றன. கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் கண்டோர் வியந்தனர். எமக்கும் ஒரு தேசியக் கலை உண்டு என்று தமிழ் இளைஞர் தலைநிமிர்ந்தனர். மொழி உரிமை பறிபோன காலத்திலே அந்நிமிர்வு எவ்வளவு வேண்டியிருந்தது என்பதை அக்காலத்தைக் கண்ட பெரியோரே அறிவர்.

நாட்டார் ஆடலிலே தன் முகத்தைத் தேடியது எமது சமூகம் மட்டுமன்று. கீழ்த்திசைக் கடலிலே பிலிப்பைன் தீவுகள் இருக்கின்றன. 1565 முதல் 1898 வரை ஸ்பானியரும், அதன்பின் 1946 வரை, இடையிலே யப்பானியர் பிடித்திருந்த காலம் நீங்கலாக, அமெரிக்கரும் அந்நாட்டை ஆண்டனர். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அமெரிக்க ஆடல்களைப் பயின்ற காலத்திலே, 1899-ல் பிறந்த பிரான்சிஸ்கா றெயிஸ் அக்கீனோ என்னும் உடற்பயிற்சி ஆசிரியை கிராமங்களுக்குப் புறப்பட்டார். முதியோரை ஆடச்சொல்லிப் பார்த்தார். தாமும் ஆடிப் பழகினார். அவருடைய பட்ட ஆராய்ச்சி 1926-ல் நிறைவெய்தியது. பின்னர் பல்கலைக்கழகத் தலைவர் ஜோர்ஜ் பொக்கோபோவின் ஆதரவுடன், இசை எழுத ஒருவரும் படம் பிடிக்க ஒருவருமாகத் துணைசேர்த்துக்கொண்டு மீண்டும் ஊரூராகத் திரிந்தார். லெயித்தே தீவிலே இரு மூங்கிற் கழிகளுக்கிடையே கால் அகப்படாமல் துள்ளும் ‘தினிக்ளிங்’ ஆட்டம், நாட்டு மக்கள் அனைவரும் தமது என்று கொள்ளும் ஆட்டமாக வளர்ந்தமைக்கு அவர் முயற்சி பெருங் காரணம். 1962-ல் அவருக்கு மக்சாசே பரிசு கிடைத்தது. பேராதனையிலே ‘கர்ணன் போர்’ ஆடப்பட்டதும் அதே ஆண்டிலேதான்.

அந்நாட்டிலும் மேடை வந்தது. 1957-ல் மணிலாவிலே தோன்றிய ‘பயனிகான்’ ஆடற் குழு அடுத்த ஆண்டே பிரசெல்ஸ் உலகக் கண்காட்சியிலே ஆடிப் புகழ்பெற்றது. பயனிகான் என்பது ஊரார் கூடி ஒருவரது வீட்டையே தோளிலே சுமந்து இடம்மாற்றும் கூட்டுவேலையைக் குறிக்கும் சொல். இனிய பெயர். ஆனால் மேடைக்காக ஆடல்கள் விரைவூட்டப்பட்டன, மினுக்கப்பட்டன. மிந்தனாவோத் தீவின் மறனாவோ என்னும் முஸ்லிம் மக்களின் ‘சிங்கில்’ ஆட்டம் பயனிகானின் மணிமகுடமாயிற்று. எனினும், இது எமது ஆட்டம் அன்று, எமது குலமகளிர் இவ்வாறு ஆடார் என்று மறனாவோரிடையே முறைப்பாடும் எழுந்தது. தலைநகரத்து மேடை தேசியம் என்று பெயரிட்டதைத் தந்த ஊர் தனதென்று ஏற்க மறுத்தது.

இவ்விடத்திலே ஒரு செய்தி. அதே மறனாவோ மக்களிடம் ‘மகாராடியா லாவனா’ என்னும் கதை வழங்குகிறது. 1969-ல் அறிஞர் யுவான் பிரான்சிஸ்கோ அதனை வெளியிட்டார். லாவனா வேறு யாருமல்லன், எமது இராவணனே! திருக்கோணமலையிலே இராவணன் வெட்டைக் காட்டி வளர்ந்த எமக்கு இதைக் கேட்கையிலே, கடலுக்கு அப்பால் ஓர் உறவினர் இருப்பதை அறிந்தது போன்ற உணர்ச்சி உண்டாகிறது.

மறனாவோரின் முறைப்பாட்டை எமது நிலைக்குப் பொருத்திப் பார்க்கலாம். வித்தியானந்தன் அவர்கள் செய்தது தவறென்று நாம் சொல்லோம். அவர் செய்யாதிருந்தால் இன்று எமது பாடசாலைகளிலே கூத்தின் பெயரும் இராது. எனினும் மேடைக் கூத்து பெருமை பெற்ற அளவுக்குக் களரிக் கூத்தும் அண்ணாவியாரும் பெற்றார்களில்லை. எமது மன்ற விழாக்களையே பாருங்கள். பரதநாட்டியத்துக்கு முதலிடம் தருகிறோம். அதிலே குறை காணோம், அதுவும் எமது செல்வமே. ஆனால் அதனைக் கற்பிக்க ஆசிரியருண்டு, பரீட்சையுண்டு, சான்றிதழுண்டு. கூத்துக்கு ஊரும் அண்ணாவியாருமே கல்லூரி. ஊர் கலைந்தால் கல்லூரியும் கலைந்தது.

எமது பகுதியிலே ஊர் கலைந்தது. 1990-லும் 2006-லும் மூதூர்ப் பகுதித் தமிழ்க் கிராமத்து மக்கள் இடம்பெயர்ந்தனர். சம்பூர் மக்களிற் பலர் ஏறக்குறைய பத்தாண்டுகள் முகாம்களிலும் உறவினர் வீடுகளிலும் காத்திருந்து, 2015-க்குப் பின்னரே சொந்த மண்ணை மிதித்தனர். இரவோடிரவாக ஓடியவர் கையிலே எடுத்தது பிள்ளையையும் துணிமூட்டையையுமே. கூத்துக் கொப்பியை எடுத்தவர் எத்தனை பேர்? முகாமிலே வட்டக்களரிக்கு இடமேது? ஒரு தலைமுறை சதங்கை கட்டாமலே வளர்ந்துவிட்டது. பாட்டையும் தாளக்கட்டையும் நெஞ்சிலே வைத்திருப்போர் இன்று எழுபது வயதைக் கடந்தவர்கள்.

மட்டக்களப்பு சீலாமுனையிலே ஊரவரும் ஆராய்ச்சியாளரும் சேர்ந்து, 2000-ஆம் ஆண்டுகளின் தொடக்கத்திலே, களரியிலேயே கூத்தை மீளுருவாக்கினர். பட்டணத்து மேடைக்குக் கூத்தைக் கொண்டுபோகாமல் ஊருக்குள்ளேயே வைத்து, எதை மாற்றலாம், எதை மாற்றலாகாது என்று ஊராரே வாதித்து முடிவுசெய்தனர். பேராதனை முறையிலும் இது கடினமானது. எமக்குப் பொருந்தக்கூடியதும் இதுவேயென்று எண்ணுகிறோம்.

எமது மன்றத்திலே கைத்தொலைபேசி இல்லாத இளைஞர் இல்லை. அக்கீனோ அம்மையாருக்குத் துணையாகச் சென்ற இசையறிஞரும் படப்பிடிப்பாளரும் செய்த வேலையை அக்கருவி ஒன்றே செய்யும். சேனையூரிலோ கட்டைபறிச்சானிலோ சம்பூரிலோ பழைய ஆட்டக்காரர் ஒருவரின் திண்ணையிலே சென்று அமர்ந்து, அவர் பாடுவதை ஒலிப்பதிவு செய்யலாம். கால் வைக்கும் முறையைப் படம் பிடிக்கலாம். அவருடைய நினைவிலுள்ள பாட்டுக்களை ஒரு கொப்பியிலே எழுதலாம். அக்கொப்பியின் முதற் பக்கத்திலே ஊரின் பெயரையும் கூத்துப் பழக்கிய அண்ணாவியாரின் பெயரையும் எழுதிவிட்டே பாட்டைத் தொடங்குக. அம்மையாரும் தம் நூல்களிலே ஆட்டங்களின் அடிகளோடு அவை வழங்கிய ஊர்களையும் குறித்து வைத்தார்.