கோல் அடிப்பவளின் சம்பளம்

2019 மே மாதம் லூதியானாவில் நடந்த இந்திய மகளிர் லீக் இறுதி ஆட்டத்தில், மதுரையின் சேது எஃப்.சி. அணி மணிப்பூர் காவல்துறை அணியை 3-1 என வென்று கோப்பையை எடுத்தது. சேதுவின் முன்களத்தில் அந்தப் பருவம் முழுக்கக் கோல் அடித்தவர் சபித்ரா பண்டாரி. நேபாளத்தின் லம்ஜுங் மலைப்பகுதியில் பிறந்தவர். கோவில்பட்டியிலிருந்து நூறு கிலோமீட்டர் வடக்கே உள்ள ஊருக்கு ஒரு தேசியப் பட்டம் வந்ததை எங்கள் கரிசலில் யாரும் பெரிதாகப் பேசியதாக எனக்கு நினைவில்லை.

கோவில்பட்டி ஹாக்கிக்குப் பேர் போன ஊர். அந்த மைதானத்தின் கதையைச் சொல்பவர்கள் அடுக்கும் பெயர்கள் பெரும்பாலும் ஆண்களுடையவை. பையன்கள் மட்டையெடுத்துப் போன மாலைகளில் பெண்பிள்ளைகள் தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கினார்கள், வீட்டுத் திண்ணையில் பெட்டி ஒட்டினார்கள். கூலி எண்ணிக்கைக்குத்தான், கை நின்றால் காசும் நின்றது.

பெண்ணுக்கு மைதானத்தை மறுப்பது நம் ஊர் வழக்கம் மட்டுமல்ல. இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் 1921-இல் தன் மைதானங்களைப் பெண்களுக்கு மூடியது. ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் திறக்கவில்லை. இந்தியப் பெண்கள் 1975-இல் தனிச் சங்கம் கண்டு, 1983 ஆசியப் போட்டியில் இரண்டாமிடம் பெற்றார்கள். ஆனாலும் ஆண்களுக்கு 1996-லேயே வந்த தேசிய லீக், பெண்களுக்கு 2017-இல்தான் வந்தது. வந்ததும் சில வாரங்களில் ஒரே ஊரில் முடிந்துவிடும் போட்டியாக வந்தது. மானாவாரி வெள்ளாமை மாதிரி, ஒரு மழைக்குள் எல்லாம் நடந்தாக வேண்டும்.

மீதி மாதங்களுக்குச் சோறு எங்கிருந்து வரும்? விடை சீருடையில் இருக்கிறது. சபித்ரா நேபாள ஆயுதக் காவல் படை அணியில் ஆடியவர். சேதுவுக்கு ஆடிய கடலூர் இந்துமதி கதிரேசன் தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளர். 2020 ஊரடங்கில் சென்னைத் தெருவில் பணியில் நின்றார். லூதியானாவில் தோற்ற அணியின் பெயரிலேயே காவல்துறை இருக்கிறது. பந்து புகழைக் கொடுத்தது, காக்கி மாதச் சம்பளத்தைக் கொடுத்தது. அந்த வேலையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஏழை வீட்டுப் பெண்ணுக்கு அது பெரிய பிடிமானம். ஆனால் பந்தாடுவதே ஒரு பெண்ணின் தொழிலாக இருக்க முடியும் என்று அந்த ஏற்பாடு ஒப்புக்கொள்ளவில்லை.

சபித்ரா அதைத் தேடிப் போனார். 2020-இல் கோகுலம் கேரளாவுக்காக இறுதி ஆட்டத்தின் வெற்றிக் கோலை அடித்தார். பின் இஸ்ரேல், 2024 தொடக்கத்தில் பிரான்சின் முதல்நிலை லீகில் கங்காம்ப் அணி. அதே ஆண்டு அக்டோபரில் காத்மாண்டுவில், தெற்காசிய அரையிறுதி ஆட்டம் ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்று தொடர்ந்தபோது, இந்தியாவுக்கு எதிராகச் சமன் கோலையும் அவரே அடித்தார். பெனால்ட்டியில் நேபாளம் வென்றது. நம் லீகில் கோல் அடித்துப் பேர் வாங்கியவர், நமக்கு எதிராகவும் அடித்தார்.

2023-24 பருவத்தில் இந்திய மகளிர் லீக் சொந்த மைதானம், எதிரணி மைதானம் என மாதக்கணக்கில் நடந்தது. நல்ல மாற்றம். என் வகுப்பு மாணவிகளிடம் நான் சொல்வது இதுதான்: ஒரு வீராங்கனையின் வரலாற்றை எழுதும்போது கோல்களை எண்ணுங்கள், ஆண்டில் எத்தனை மாதம் அவருக்கு ஆட்டத்தால் சம்பளம் வந்தது என்பதையும் எண்ணுங்கள்.