இன்யோ கவுண்டியின் தட்பவெப்பம்

இன்யோ, அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் நெவாடா எல்லையை ஒட்டி அமைந்த, 26,000 சதுர கி.மீ.க்கு மேற்பட்ட பரப்பில் ஏறத்தாழ 19,000 பேரே வாழும் கவுண்டி, அதாவது மாநிலத்தின் நிர்வாக உட்பிரிவு ஆகும். அலாஸ்காவை விலக்கினால் நாட்டின் மிக உயர்ந்த சிகரமான விட்னி (4,421 மீ.) இதன் மேற்கு எல்லையிலும், வட அமெரிக்காவின் மிகத் தாழ்ந்த நிலமான பேட்வாட்டர் உப்புப் படுகை (கடல்மட்டத்துக்குக் கீழே 86 மீ.) கிழக்கிலும், 140 கி.மீ.க்கும் குறைந்த இடைவெளியில் இருப்பதால், இங்கு ஓர் ஊரின் தட்பவெப்பம் அதன் உயரத்தைப் பொறுத்தே அமைகிறது.

குளிர்காலத்தில் பசிபிக்கிலிருந்து வரும் ஈரக்காற்று சியரா நெவாடா மலைத்தொடரில் ஏறிக் குளிர்ந்து, தன் ஈரத்தை மழையாகவும் பனியாகவும் அங்கேயே இழந்துவிட, கிழக்கே இறங்கும் காற்று வெப்பமுற்று வறள்கிறது. இவ்வாறு மலையால் மழை தடுக்கப்பட்ட நிலம் மழை மறைவுப் பகுதி எனப்படும். மேலும் சில மலைத்தொடர்களுக்கு அப்பால், பேட்வாட்டர் அமைந்த மரணப் பள்ளத்தாக்கில் சராசரி ஆண்டு மழை 60 மி.மீ.யைக்கூட எட்டுவதில்லை. அங்குள்ள ஃபர்னஸ் கிரீக்கில் 1913 ஜூலை 10 அன்று பதிவான 56.7 டிகிரி செல்சியஸை உலக வானிலை அமைப்பு உலகின் உச்ச வெப்பநிலையாக ஏற்றுள்ளது. அந்த அளவீட்டை ஐயுறும் ஆய்வாளர்களும் உளர். ஆயினும் அங்கு வாழ்வோருக்கு உச்ச வெப்பத்தினும் கொடியது, 32 டிகிரிக்குக் கீழே இறங்க மறுக்கும் கோடை இரவுகளே.

இந்நிலத்தின் தொல்குடிகளான டிம்பிஷா ஷோஷோனி மக்கள் கோடையில் பனமிண்ட் மலைகளுக்கு ஏறியும் குளிர்காலத்தில் பள்ளத்தாக்குக்கு இறங்கியும் வாழ்ந்தனர். வெப்பத்தை எதிர்கொள்ள இதனினும் எளிய வழி இல்லை. இன்று ஓரிடத்தில் நிலைத்து வாழ்வோர் ஏசியையும், நீரை ஆவியாக்கி அறையைக் குளிர்விக்கும் ஏர் கூலரையும் நம்பியுள்ளனர். ஏர் கூலர் வறண்ட காற்றில்தான் நன்கு பயன்படும். கோடையின் பிற்பகுதியில் தெற்கிலிருந்து ஈரக்காற்று புகும் நாள்களில் அதன் பயன் குறைந்துவிடுகிறது.

சியராவின் கிழக்கு அடிவாரத்திலுள்ள ஓவன்ஸ் பள்ளத்தாக்கில் மழை குறைவெனினும் நீர் உண்டு. சியராவின் பனி உருகி வரும் ஓடைகளைக் கால்வாய்களால் திருப்பி, அங்குள்ள தொல்குடிகளான பையூட் மக்கள் நிலத்துக்குப் பாய்ச்சி வந்தனர். 1913-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம் தன் நீண்ட கால்வாயைத் திறந்து அந்நீரைக் கொண்டுசென்றபின், 1920-களில் ஓவன்ஸ் ஏரி வறண்டது; பலத்த காற்று வீசும்போதெல்லாம் அதன் உப்புத்தரையிலிருந்து நுண்துகள் புழுதி எழுந்து ஊர்களை மூடியது. ஆகவே இப்புழுதியை இயற்கைத் தட்பவெப்பத்தின் கூறாகக் கொள்வது பொருந்தாது. இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் நகரம் பொறுப்பேற்க நேர்ந்து, 2001 முதல் ஏரித்தரையில் நீரைப் பரப்பியும் உப்புப்புல் வளர்த்தும் சரளை கொட்டியும் புழுதியைப் பெருமளவு அடக்கி வருகிறது.

அரிதாகப் பெய்யும் மழை பெருஞ்சேதம் விளைப்பதும் இங்கு இயல்பு. 2007-இல் காட்டுத்தீயில் எரிந்து வெறுமையான சரிவில் மறு ஆண்டு ஜூலையில் இடிமழை பெய்ய, இண்டிபெண்டன்ஸ் ஊருக்கருகே ஓக் கிரீக் ஓடைவழியே சேறும் பாறையும் இறங்கி வீடுகளை அழித்தன. 2023 ஆகஸ்ட் 20 அன்று ஹிலரி புயலின் எச்சம் ஃபர்னஸ் கிரீக்கில் ஒரே நாளில் 56 மி.மீ. மழையைப் பொழிந்தது; சாலைகள் அரிக்கப்பட்டதால், மரணப் பள்ளத்தாக்குத் தேசியப் பூங்கா அக்டோபர் நடுவரை மூடப்பட்டிருந்தது.